இஸ்குரு அக்கா

புதுப் பாக்கெட்டைப் பிரித்ததும் ஆரோக்கியசெல்வி அதைச் சதுரக் கண்ணாடித் துண்டின் மேல் கொட்டி, ஒரு பக்கத்தை லேசாகத் தூக்குவார். கடுகைவிடக் கொஞ்சமே பெரிய திருகாணிகள், தலைக்கனம் தாங்காமல் சுற்றிச் சுற்றி உருளும். ஒரே நீளமுள்ளவை ஒரே மாதிரி வட்டம் போடும். நூற்றில் ஒன்று மட்டும் அகலமாக வட்டமடித்துக் கூட்டத்தைவிட்டு ஒதுங்கும். "வா ராசா, நீ எங்க இங்க வந்து சேந்த?" என்பார். ஈர்க்குச்சியின் நுனியை நாக்கில் தொட்டு, அந்த ஈரத்தில் அதை ஒட்டி எடுத்து வேறு டப்பாவில் போடுவார். பாக்கெட்டின் மேல் மூன்று மில்லிமீட்டர் என்று அச்சடித்திருக்கும். அவர் பொறுக்கியதை அளந்து பார்த்தால் மூன்றரை இருக்கும்.

காந்தம் வைத்து எடுத்தால் வேலை சுலபமாகுமே என்று புதிதாக வருபவர்கள் யோசனை சொல்வார்கள். அக்காவுக்கு அந்த யோசனை பிடிக்காது. காந்தம் பட்ட திருகாணி கைக்கடிகாரத்துக்குள் போனால் கடிகாரம் தறிகெட்டு ஓடும் என்று ஒரு தரம் சொல்வார். மறுபடி கேட்டால் அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கத் தொடங்கிவிடுவார்.

விழுப்புரம் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால், செல்போன் பழுது பார்க்கும் கடைகளின் வரிசையில், போன் உறை தொங்கவிட்டிருக்கும் கடைக்கும் மாடிப்படிக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அகலத்தில் இருக்கிறது இவர் கடை. பெயர்ப் பலகை கிடையாது. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பருமனான எதுவும் இங்கே கிடைக்காது; கதவுக் கீலுக்குத் திருகாணி கேட்டு வருபவர்களை இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுவார். மாத்திரை டப்பா, புதினா மிட்டாய் டப்பா, ஸ்டிக்கர் பொட்டு டப்பா என்று நானூறு டப்பாக்கள் உண்டு. எதன் மேலும் எண் எழுதியிருக்காது. 'மூக்குக்கண்ணாடி கை', 'பல் டாக்டர்', 'கல்யாண வீடியோ கேமரா', 'டுரோன் விசிறி', 'காது மிஷின்' என்று கோணல் மாணலான கையெழுத்தில் இருக்கும். கண்ணாடிக் கடைக்காரர்களும் வாட்ச் ரிப்பேர்காரர்களும் வயலுக்கு மருந்தடிக்க டுரோன் ஓட்டும் பெண்களும் இந்தப் படியோரம் வந்து நிற்காமல் இருக்க முடியாது. எல்லோருக்கும் அவர் இஸ்குரு அக்கா.

இருபது வயதில் சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போனார். பதினோரு வருஷம் ஒரே இருக்கை, ஒரே வேலை. ஒரு ஷிப்டுக்கு இரண்டாயிரம் திருகாணி. ஆலை மூடியதும் கோலியனூருக்குத் திரும்பி வந்து, விரல் கற்றுக்கொண்டதை வைத்தே பிழைப்பைத் தொடங்கினார். இப்போது நாற்பத்தேழு வயது. கணவர் தேவா விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். அவர் கைவீச்சுக்கு ஆறடி இடம் வேண்டும். இவருக்கு ஆறு அங்குலம் போதும். வீட்டில் இரண்டு பேரும் சண்டை போட்டால் யார் ஜெயிப்பார் என்று கடைவரிசைப் பையன்கள் கேலி செய்வதுண்டு.

இந்தப் பக்கத்துப் பெண்கள் தாலிச் சங்கிலியில் இரண்டு மூன்று ஊக்கு மாட்டியிருப்பார்கள். அக்காவின் சங்கிலியில் சிலுவைக்கும் ஊக்குகளுக்கும் நடுவில் விரல் நீளத்தில் ஒரு திருப்புளியும் தொங்கும். கோலியனூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடி லொடலொடவென்று ஆடினால் இவருக்கு உட்கார முடியாது. "கழட்டிக் குடுங்க" என்று கை நீட்டிவிடுவார். முன்பின் தெரியாதவர் திகைத்துப் போய்க் கழற்றிக் கொடுப்பார். இரண்டு நிமிஷத்தில் கண்ணாடி திரும்ப மூக்குக்கு வந்துவிடும். நன்றி சொன்னால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அவரிடம் திருகாணி வாங்க ஒரே ஒரு சட்டம்தான். பழசைக் கொண்டு வர வேண்டும். பழசு தொலைந்திருந்தால் அதன் ஜோடியைக் கொண்டு வர வேண்டும். "வாயால சொல்ற அளவு வேலைக்கு ஆவாதுங்க" என்பார். செல்போன் கடைப் பையன்கள் செய்யும் ஒரு தப்பு அவரை ரொம்ப நோகடிக்கும். கொஞ்சம் நீளமாக இருந்தால் கெட்டியாக நிற்கும் என்று நினைத்து, இரண்டு மில்லிமீட்டர் போகவேண்டிய துளையில் இரண்டரையை முறுக்கிவிடுவார்கள். போனின் மின்சுற்றுப் பலகைக்குள் ஓடும் மெல்லிய செம்புக் கோடு அறுந்து, திரை மாற்ற வந்த போன் மொத்தமாகச் செத்துப் போகும். அப்படி ஒரு போனைக் கொண்டு வந்து காட்டினால் அக்காவின் முகம் வாடிவிடும். "இஸ்குருன்னா உக்காரணும்டா. குத்தக் கூடாது" என்பார்.

அந்தச் சட்டமே அவரை ஒரு நாள் ஏமாற்றியது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பதினோரு மணி வாக்கில், இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி கைக்குட்டையில் சுற்றிய ஏதோ ஒன்றைக் கொண்டு வந்து கண்ணாடித் துண்டின் பக்கத்தில் வைத்தாள். பெயர் கலையரசி. கூடவே கழுத்தைச் சுற்றித் துண்டு போட்ட ஒல்லியான பெரியவர். கைக்குட்டைக்குள் டார்ச் லைட் மாதிரி ஒரு குழாய் இருந்தது. டார்ச் லைட் எல்லாம் பக்கத்துக் கடை என்று அக்கா சொல்லப் போனார். பெரியவர் துண்டைக் கொஞ்சம் விலக்கிக் கழுத்தில் இருந்த துளையைக் காட்டினார். அக்கா அந்தக் குழாயைக் கையில் எடுத்தார்.

அவர் கலையரசியின் அப்பா துரைக்கண்ணு. விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடுகிறவர். நாலு வருஷத்துக்கு முன் தொண்டையில் புற்றுநோய் வந்து, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கொண்டு வந்தது பேசும் மிஷின். அதன் தலையைத் தாடைக்குக் கீழே அழுத்திப் பொத்தானை அமுக்கினால் அது அதிரும். அவர் வாயை அசைக்க அசைக்க அந்த அதிர்வு பேச்சாக வெளியே வரும். வீட்டு நாய்கூட அந்தக் குரலுக்குத்தான் வாலாட்டும் என்று மகள் சொன்னாள்.

மிஷினின் தலை வளையத்தை இரண்டு திருகாணிகள் பிடித்திருந்தன. ஒன்பது நாளைக்கு முன் களை எடுக்கும்போது ஒன்று மல்லாட்டைக் கொல்லையில் விழுந்துவிட்டது. மண்ணைச் சல்லடை போட்டுச் சலித்தும் கிடைக்கவில்லை. ஊரில் ஒரு கடைக்காரர் வேறொன்றை முறுக்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து உறுமல் மட்டும்தான் வருகிறது, வார்த்தை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் கலையரசிக்கு நிச்சயதார்த்தம். அவர்கள் வழக்கத்தில் தட்டு மாற்றும்போது பெண்ணைப் பெற்றவர் சபைக்கு முன்னால் மூன்று தரம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பெண் உங்கள் வீட்டுப் பெண் என்று.

"சித்தப்பா சொல்லட்டும்னு எல்லாரும் சொல்லிக்கினு இருக்காங்க. அப்பா வுட மாட்டேங்குறாரு" என்றாள்.

துரைக்கண்ணு ஆள்காட்டி விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான் அவர் கட்சி.

அக்கா வழக்கம்போல ஜோடியைக் கேட்டார். ஜோடி மிஷினிலேயே இருந்தது. அதைக் கழற்றி அளந்தார், நாலு மில்லிமீட்டர். ஊர்க்கடைக்காரர் போட்டது ஐந்து. நீளம்தான் கோளாறு என்று நிம்மதியாகச் சிரித்து, அச்சு அசலாக ஒரு நாலைத் தேடி எடுத்து இரண்டையும் போட்டுக் கொடுத்தார். துரைக்கண்ணு மிஷினைத் தாடைக்குக் கீழே வைத்து அமுக்கினார். கொர்ரென்று ஒரு சத்தம். வாய் ஏதோ சொன்னது. சத்தத்தில் எதுவும் ஒட்டவில்லை. மறுபடி அழுத்திப் பார்த்தார். பிறகு மிஷினைக் கைக்குட்டை மேல் வைத்துவிட்டு, பரவாயில்லை என்பதுபோல் அக்காவைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை அக்காவால் தாங்க முடியவில்லை.

தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். படிக்கட்டில் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். மூக்குக்கண்ணாடிக்கு வந்தவரை மதியத்துக்கு மேல் வரச்சொல்லி அனுப்பினார். இந்தத் தடவை இரண்டு திருகாணிகளையும் கழற்றிவிட்டு, வளையத்தை விரலால் மட்டும் பிடித்துப் பொத்தானை அமுக்கினார். மாடிப்படியே அதிரும்படி கணீரென்று ஒலித்தது. கலையரசி எழுந்து நின்றுவிட்டாள்.

அக்கா அந்த ஜோடியை எடுத்து லென்ஸுக்குக் கீழே புரட்டிப் பார்த்தார். வளையம் கறுப்பு, இதன் தலை வெள்ளை. வளையத்தின் ஓரத்தில் யாரோ திருப்புளி சறுக்கிய பழைய கீறல். இதுவும் மிஷினோடு பிறந்ததில்லை. இதற்கு முன்னாலும் எங்கேயாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். இரண்டு வருஷத்துக்கு முன் பேட்டரி மாற்ற யாரிடமோ கொடுத்ததைக் கலையரசி யோசித்துச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் மெலிந்தது.

"அதுக்கப்புறந்தான் அப்பா பேச்சு மங்கிக்கினே போச்சு. நோவு திரும்பிடுச்சோன்னு பயந்துகினு இருந்தோம். யார்கிட்டயும் சொல்லல."

பேட்டரி மாற்றியவர் போட்ட இந்த ஒன்று உள்ளே அதிரும் தகட்டைக் குத்த, இரண்டு வருஷமாக அந்த மனிதர் கழுத்து நெரிபட்ட மிஷினோடு பேசியிருக்கிறார். கொல்லையில் விழுந்தது அசல்; அதன் இடத்திலும் நீளமானது வந்ததும் பேச்சே நின்றுவிட்டது. அழுத்தி அழுத்தித் தாடைக்குக் கீழே காய்ப்புக் காய்த்திருந்தது. நோயின் குரல் என்று நினைத்து வீட்டில் எல்லோரும் அவரைக் கொஞ்சம் குறைவாகவே பேச வைத்திருக்கிறார்கள், பாவம் கஷ்டப்படுகிறாரே என்று. எல்லாம் ஒரு திருகாணியின் நீளத்தால் வந்த வினை. "நானும் ஜோடியப் பாத்து ஏமாந்துட்டேங்க" என்று அக்கா ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் எதையும் நம்பவில்லை. துளையையே கேட்டார். ஈர்க்குச்சியை நூல்போலச் சீவித் துளைக்குள் இறக்கி, தட்டிய இடத்தில் நகத்தால் அடையாளம் வைத்து, ஸ்கேலில் பார்த்தார். இரண்டரைக்கு மேல் ஒரு மயிரிழை. 'கல்யாண வீடியோ கேமரா' டப்பாவைக் கொட்டிக் கண்ணாடியைச் சாய்த்தார். சின்னச் சின்ன வட்டமாக உருண்டவற்றில் பதினாலைப் பொறுக்கினார். ஒவ்வொன்றையும் துளையில் நிறுத்தி, முதலில் இடப் பக்கம் திருப்பினார். திருகாணியின் புரி துளையின் புரியோடு சேரும் இடத்தில் ஒரு சின்ன 'டிக்' விரலுக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் வலப் பக்கம். 'டிக்' வராத திருகாணியைத் துளையில் நுழைய விடவே இல்லை. பன்னிரண்டு போயின. இரண்டு உட்கார்ந்தன.

மிஷின் அதிர அதிரத் திருகாணி கழன்றுவிடாமல் இருக்க இதற்கென்று நகப்பூச்சு வைத்திருக்கிறார் அக்கா. குங்குமச் சிவப்பு. தன் நகத்துக்கு ஒரு நாளும் தீட்டியதில்லை. ஈர்க்குச்சி நுனியில் எடுத்து, இரண்டு தலைகளின் ஓரத்திலும் ஒரு துளி வைத்தார். மேசை மின்விசிறிக்கு நேரே பிடித்தபடி கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். துரைக்கண்ணு மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப பேசுங்கண்ணே" என்று கொடுத்தார். அவர் தாடைக்குக் கீழே வைத்ததும், அக்கா எட்டி ஒரு திருகாணியின் தலைமேல் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டார். பேசும்போது அது நடுங்குகிறதா என்று விரலுக்குத்தான் தெரியும்.

ஒன்பது நாள் பேசாத மனிதருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. மகளைப் பார்த்தார். பிறகு படிக்கட்டைச் சபையாக நினைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எம் பொண்ணு, கலையரசி, இனிமே உங்க வூட்டுப் பொண்ணு."

ஏற்ற இறக்கம் இல்லாத மிஷின் குரல்தான். ஆனால் ஓர் எழுத்து சிதையவில்லை. போன் உறைக் கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கலையரசி சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். துரைக்கண்ணு இரண்டாம் தரம் சொன்னார். மூன்றாம் தரம் சொல்லும்போது கண்ணீர் தாடை வழியாக இறங்கி மிஷினை நனைத்தது. மிஷினுக்கு அழத் தெரியாது. அது அதே குரலில், தெளிவாக, கடைசி வார்த்தை வரை சொல்லி முடித்தது.

திருகாணி இம்மியும் அசையவில்லை என்பது முதல் தரமே அக்காவின் விரலுக்குத் தெரிந்துவிட்டது. விரலை அவர் எடுக்கவில்லை.

"ஆடுதா இல்லையான்னு சரியாத் தெரியல. இன்னொரு தரம் சொல்லுங்கண்ணே" என்றார்.