சாமித்தட்டில் இருந்த பெல்ட்

ஆண்டியப்பனை ஊரில் யாரும் வெறும் ஆண்டியப்பன் என்று சொல்வதில்லை. ரவர் ஆண்டியப்பன் என்றால்தான் ஆளைத் தெரியும். கிளிநொச்சியிலிருந்து ஓமந்தை வரைக்கும் பெரிய வீதியை ஒட்டி நிற்கிற தொலைபேசிக் கோபுரங்களில், ஊர்ப் பேச்சில் ரவர்களில், பாதிக்கு மேல் அவர் பூசிய சிவப்பும் வெள்ளையும்தான். பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் இருப்பவர் தெரிந்தவரோ தெரியாதவரோ, "உது நான் அடிச்சது" என்று சொல்லாவிட்டால் அவருக்கு மனம் ஆறாது. நித்திரை கொண்டவரைத் தட்டி எழுப்பிக் காட்டினார் என்றும் ஒரு கதை உண்டு.

அவருடைய தாயும் தகப்பனும் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து, தருமபுரத்துப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்கள். ஆண்டியப்பனும் தங்கச்சி சிவலட்சுமியும் பிறந்ததே இங்கேதான். பெற்றவர்களின் மலைநாட்டுப் பேச்சு அவர்களோடு போய்விட்டது. பிள்ளைகள் வன்னிப் பேச்சும் வன்னிச் சோறுமாக வளர்ந்தார்கள். சிறு வயதிலேயே ஆண்டியப்பனுக்கு உயரம் என்றால் பயம் கிடையாது. அந்தப் பயம் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று இப்போது அவரே சொல்வார்.

முதலில் அவர் இடுப்பில் ஒரு தும்புக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஏறிய மனிதர். பிறகு வந்த ஒப்பந்தக்காரர்கள் முழு உடம்புக்கும் போடுகிற பட்டியைக் கொடுத்தார்கள். தோள், நெஞ்சு, இரண்டு தொடை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும். முதுகில் ஒரு வளையம். அதிலிருந்து கொக்கி வைத்த நாடா ஒன்று. வேலையாட்களுக்கு அது பெல்ட். பாதுகாப்புக்குப் பொறுப்பாக தயாளினி என்ற பிள்ளை வந்தாள், வவுனியாப் பக்கம், படித்தவள், குரல் மட்டும் கொஞ்சம் பெரிசு. தொடைப் பட்டியைத் தளர விடாதே, கொக்கியைக் காலடியில் மாட்டாதே, தலைக்கு மேலே மாட்டு என்று நாள் முழுக்கக் கத்துவாள். ஆண்டியப்பன் அவளைப் பின்னால் நக்கலடித்தார். ஆனால் சொன்னதைச் செய்தார். அதனால்தான் உயிரோடு இருக்கிறார்.

ஓமந்தைக்கு இங்கால் ஒரு கோபுரத்தில் வேலை. காலையில் பனி பட்ட இரும்பு. ஒரு கையில் பெயின்ற் வாளியோடு கால் மாற்றும்போது வழுக்கியது. விழுகிறேன் என்று நினைக்க முதலே நெஞ்சில் ஒரு இழுப்பு, அந்தரத்தில் தொங்கினார். கூட வேலை செய்தவர்கள் கயிறு போட்டுச் சுறுக்காய் இறக்கிவிட்டார்கள். தொடையில் கன்றிய தழும்பைத் தவிர ஒரு கீறல் இல்லை. கொக்கி நாடாவின் நடுவே சின்னத் தலையணை மாதிரி ஒரு பொதி இருந்தது. அது மட்டும் தையல் விட்டு, உள்ளே மடித்து வைத்திருந்த நாடா வெளியே நீளமாகத் தொங்கியது.

தயாளினி கத்தியோடு வந்தாள். ஒருமுறை விழுந்த ஆளைப் பிடித்த பெல்ட்டை இன்னொருவர் போடக்கூடாது, அதை வெட்டி எறிவதுதான் முறை என்றாள். ஆண்டியப்பன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். உயிர் தந்ததை வெட்ட எப்படி மனம் வரும், சாமித்தட்டில் வைத்துக் கும்பிடப் போகிறேன், தா பிள்ளை என்று கெஞ்சினார். அந்தப் பிள்ளையும் அவர் விழுந்ததைக் கண்ணால் கண்டு நடுங்கிப்போய் நின்றாள். எவரும் போடமாட்டார்கள் என்று வற்றாப்பளை அம்மன் பேரில் சத்தியம் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டாள்.

பெல்ட் வீட்டுக்கு வந்தது. அவர் மனைவி மீனம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆளுக்கு ஆள்தான் துணை. மீனம்மா முச்சக்கரவண்டிகளுக்கு சீற் கவர் தைக்கிறவள். அவள் தைத்த உறை கிழிந்தாலும் கிழியும், தையல் விடாது என்று சாரதிமார் சொல்வார்கள். அப்படிப்பட்டவளுக்கு அந்த விட்டுப்போன பொதியைப் பார்க்கப் பொறுக்கவில்லை. என் புருஷனைப் பிடித்த சாமானில் இப்படியும் ஒரு தையலா என்று வெளிநாட்டுக் கொம்பனியைத் திட்டினாள். பெல்ட்டைத் தோய்த்துக் காயவைத்து, வெளியே தொங்கிய நாடாவை மடிப்புக் குலையாமல் உள்ளே வைத்து, சீற்றுக்குப் போடுகிற நைலோன் நூலால் வரிவரியாக இறுக்கித் தைத்தாள். ஆண்டியப்பன் வாங்கிப் பார்த்துப் பூரித்துப்போனார். புதிதைவிட இது உறுதி என்று அவர்தான் சொன்னார். பிறகு அது சரஸ்வதிப் பூசைக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு, மீனம்மாவின் தையல் மெசினுக்குப் பக்கத்தில் சாமியாகவே இருந்தது.

சிவலட்சுமியின் மூத்த மகன் பிரதீபன் மாமா வீட்டில்தான் பாதி நாள். ஆண்டியப்பனுக்கு அவன் மருமகன் என்று பெயர், மகன் என்றுதான் நினைப்பு. அவனுக்கு ஒரு அரிசி ஆலையின் கூரைக்குத் தகரம் மாற்றுகிற வேலை கிடைத்தது. வேலையைக் குத்தகைக்கு எடுத்தவன் பெல்ட் எல்லாம் கொடுக்கிற ஆள் இல்லை. சிவலட்சுமி தமையனிடம் வந்து, பெடியனை நினைக்கப் பயமாய்க் கிடக்கு என்றாள். ஆண்டியப்பன் சாமித்தட்டைப் பார்த்தார். அம்மன் பேரில் செய்த சத்தியம் ஞாபகத்துக்கு வராமல் இல்லை. அது கொம்பனிக் கந்தோர்ச் சட்டம், தயாளினிக்கு அவள் மேலதிகாரியிடம் கணக்குக் காட்ட வேண்டும், சாமியிடம் இருந்த சாமான் என் பிள்ளையைக் கைவிடுமா என்று தனக்குத்தானே வழக்குப் பேசி, தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

பெல்ட்டை அவர்தான் பிரதீபனுக்குப் போட்டுவிட்டார். தொடைப் பட்டியை இழுத்துச் சரி பார்த்தார். தலைக்கு மேலே மாட்டு என்று சொல்லிக் கொடுத்தார். தயாளினி சொன்னதில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தார். அந்த ஒன்றை நினைத்துத்தான் இப்போது விடியவிடியப் புரளுகிறார்.

கூரை முகட்டில் தலைக்கு மேலே மாட்ட என்ன இருக்கிறது? வெறும் வானம்தான். பிரதீபன் காலடி இரும்பில் கொக்கியை மாட்டியிருக்கிறான். வெளிச்சத்துக்குப் போட்டிருந்த பிளாஸ்ரிக் தகடு வெயிலில் உளுத்துப்போனது, மிதித்ததும் உடைந்தது. பெல்ட் பிடித்தது, நிலத்தில் விழவிடவில்லை. ஆனால் இறக்கி வைத்தபோது பெடியனுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். பெல்ட் இல்லாவிட்டால் பிணம்தான். மீனம்மாவின் தையலில் ஒரு நூல்கூட விடவில்லையாம், என்ன கை அது. செய்தி கேட்டு தயாளினியும் வந்தாள். கட்டிலுக்குக் கீழே கிடந்த பெல்ட்டை எடுத்துப் பார்த்தவளின் முகம் செத்துப்போயிற்று. ஆண்டியப்பனை விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஐயா, அந்தப் பொதி விடுறதுக்கெண்டுதான் தைச்சிருக்கு. அது மெல்ல மெல்லப் பிரிஞ்சுதான் விழுற வேகத்தை வாங்கும். இதைப் பிரியாமல் தைச்சிருக்கினம். அந்த அடி முழுக்க பெடியன்ற முள்ளந்தண்டிலை இறங்கியிருக்கு." சொல்லிவிட்டு அவளும் அழுதாள். "நான் அண்டைக்கே வெட்டியிருக்கோணும்."

அந்த விறாந்தையில்தான் ஆண்டியப்பன் முடிவெடுத்தார். குற்றம் தன்னுடையது, அதைச் சாகும்வரை சுமக்கலாம். ஆனால் மீனம்மாவுக்கு இது தெரியக்கூடாது. தெரிந்தால் அவள் பிறகு மனுசியாக இருக்கமாட்டாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று தயாளினியைக் கும்பிட்டார். முன்பு அவளிடம் கெஞ்சிப் பெல்ட்டை வாங்கினார், இப்போது வாயை வாங்கினார்.

பிறகு அவர் கோபுரம் ஏறவில்லை. காணியில் கச்சான் கடலை போட்டார், கிடைத்த கூலிக்குப் போனார். பழசுக்குப் பதிலாகக் கொம்பனி தந்திருந்த புதுப் பெல்ட்டைச் சுருட்டி மெசினுக்குக் கீழே போட்டார், அங்கே அதை எலி கடித்தது. பிரதீபனைத் தூக்கிக் குளிக்க வார்ப்பதும் வைத்தியத்துக்குக் கொண்டு போவதும் அவர் வேலை. அவன் சக்கர நாற்காலியில் இருந்து வாசலில் கைத்தொலைபேசி திருத்துகிறான், கெட்டிக்காரன், பகிடிக்காரன். மாமாவின் பெல்ட்டால் தப்பினேன் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வான். ஆண்டியப்பன் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போவார். ஒருவராவது தன்னை ஏசமாட்டார்களா என்று அந்த மனிதர் ஏங்கியிருக்கிறார். ஏசவேண்டிய சிவலட்சுமியோ, இரண்டு உயிர் காத்தது என்று பெல்ட்டைத் தன் வீட்டுச் சாமித்தட்டில் தொங்கவிட்டு வெள்ளிக்கு வெள்ளி விளக்கு வைத்தாள். ஆண்டியப்பன் அங்கே போனால் அதற்கு முதுகு காட்டித்தான் இருப்பார்.

இப்படியே இரண்டு வருஷம் போனது. போன மாதம் சிவலட்சுமி ஒரு கடைப் பையோடு வந்தாள். இளையவன் யதுர்ஷனுக்குத் தண்ணீர்த் தாங்கி கட்டுகிற இடத்தில் வேலை சரிவந்துவிட்டது, திங்கட்கிழமை போகிறான். பைக்குள் பெல்ட். குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. மச்சாள், உன் கையால் இன்னும் ஒரு வரி ஓட்டிக் கொடு, போதும் என்று மீனம்மாவின் மடியில் வைத்தாள்.

ஆண்டியப்பன் வாய் திறந்தால் மீனம்மா உடைவாள். திறக்காவிட்டால் யதுர்ஷன். முதலில் பெல்ட் பழசு என்றார். பிறகு வேலையிடத்தில் கொடுப்பார்கள் என்றார். தயாளினியிடம் சொல்லிப் புதிது எடுத்துத் தருகிறேன் என்றார். சிவலட்சுமிக்கு முகம் கறுத்தது. மூத்தவனுக்குத் தந்த கை இளையவனுக்கு ஏன் பின்னுக்கு நிற்கிறது, அவன் உங்களுக்கு ஒட்டில்லையோ என்று கேட்டாள். அதற்குமேல் அவரால் முடியவில்லை.

"உதுதான் பிரதீபனை முறிச்சது, பிள்ளை. உது காப்பாத்தேல்லை. போடக்கூடாதெண்டு சொன்னவை. நான்தான் கேக்கேல்லை."

சொல்லிவிட்டு அவர் மீனம்மாவைப் பார்க்கவில்லை. பொதியைப் பற்றி வாயே திறக்கவில்லை. பழசாய்ப் போனதால் என்று அவள் நினைக்கட்டும். சிவலட்சுமி விளங்காமல் நின்றாள். மீனம்மா மடியில் கிடந்த நாடாவை எடுத்தாள். தன்னுடைய தையல் வரிகளை விரலால் ஒரு முறை தடவினாள். பிறகு மெசின் லாச்சியைத் திறந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்து, பொதிக்குப் பக்கத்தில் வைத்து வெட்டினாள். தடித்த நாடா, சுலபத்தில் வெட்டுப்படவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டி, தோள்பட்டிகளையும் வெட்டினாள்.

"மச்சாள், அது பிரியிறதுக்கெண்டு போட்ட தையல்," என்றாள். "சட்டைக்கு அளவு பார்க்க நான் ஓட்டுத்தையல் போடுறனான் எல்லோ, அது மாதிரி. இவற்ற புதுப் பெல்ட்டைத் தோய்க்கேக்கை நகத்தாலை இழுத்துப் பார்த்தனான், நூல் வந்திட்டுது. அப்பதான் விளங்கினது. நான் அதை இறுக்கித் தைச்சுப் போட்டன்."

ஆண்டியப்பன் எப்போது என்று கேட்டார். பிரதீபன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே என்றாள். உங்களுக்குத் தெரியாதென்று நினைத்தேன், தெரிந்தால் தாங்கமாட்டீர்கள் என்று பேசாமல் இருந்தேன் என்றாள். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பாயில், ஆளுக்கு ஆள் ஒளித்து இரண்டு வருஷம் அந்த இரண்டு சீவன்களும் தனித்தனியாக வெந்திருக்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் சேர்ந்து ஒரு முறை அழுதிருந்தால் கூடப் பாரம் குறைந்திருக்கும். அந்தக் கொடுப்பினையும் இல்லாமல் போயிற்று.

சிவலட்சுமி வெட்டுப்பட்ட துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப ரெண்டு பேருக்கும் தெரியும்," என்றாள். "தெரிஞ்சு கொண்டு என்னை இதுக்கு விளக்குக் கொளுத்த விட்டிட்டியள்."

அவள் வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல் படலை வரைக்கும் போனாள். அங்கே நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"பிரதீபன் இன்னும் நீங்கள் காப்பாத்தினதெண்டுதான் சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் சொல்லமாட்டன். நீங்களே வந்து சொல்லுங்கோ."

ஆண்டியப்பன் சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளை முற்றத்துக்கு உருட்டினார். மீனம்மா கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் வந்தாள். நீ வரவேண்டாம், நான் கொடுத்தேன், நானே சொல்கிறேன் என்று அவர் தடுத்துப் பார்த்தார்.

"தைச்சது நான்," என்று சொல்லி அவள் கரியரில் ஏறி இருந்தாள்.