உப்பில்லாத உருண்டை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோழி கிளறிய மண் போல இருக்கும். அஞ்சாவதோடு நின்றவன். எந்த இடத்தில் எந்த ‘ற’ போட வேண்டும் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தப்பு இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எழுதாமல் விட்டிருப்பேன். ஆனால் இந்தக் கதை ஊரில் ஆளுக்கொரு விதமாக ஓடுகிறது. பஸ் ஏறி மலைக்குக் கீழே போனால் அதற்கு இன்னும் இரண்டு கால் முளைத்துவிடுகிறது. என் மகள் தன் மாமனுக்கு மருந்து வைத்தாள் என்றுகூடச் சொல்கிறார்கள். எதிரில் நின்று மறுத்துப் பேச எனக்கு வராது. நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அருவிக்குப் போகும் வழியில் எனக்கு ஒரு கடை. முடவாட்டுக்கிழங்கு சூப்பும் நறுக்கிய அன்னாசியும் விற்கிறேன். பக்கத்தில் ஒரு லாட்ஜ் கட்டினார்கள். சென்ட்ரிங் வேலைக்கு மலைக்குக் கீழே முள்ளுக்குறிச்சியிலிருந்து ஒரு பையன் வந்தான். தினமும் சாயங்காலம் என் கடையில் சூப் குடிப்பான். சூப் நன்றாக இருக்கிறது என்று அவன் சொன்னது என்னிடம் இல்லை, என் மகளிடம் என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. பையன் நல்லவன். அவன் அப்பா வந்து முறையாகப் பெண் கேட்டார். ஆனால் எங்கள் ஊரில் மலைக்குக் கீழே பெண் கொடுத்து வழக்கமில்லை. ஊர்ப் பெரியவர் ஒரு வழி சொன்னார்.

“சாமியக் கேட்டுருவோம். சரின்னு வாக்கு வந்தா ஒருத்தரும் குறுக்க நிக்கமாட்டோம். வேண்டாம்னு வந்தா அந்தப் பேச்ச அதோட விட்டுறோணும்.”

நான் தலையாட்டினேன். எனக்கு அது சௌகரியமாகவும் இருந்தது. எந்த முடிவையும் நானாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஊரில் சாமி வருவது என் மனைவியின் அண்ணனுக்கு. எனக்கு மச்சான். அவரை மருளாளி என்போம். ஆள் பெரிய உருவம், சாப்பாட்டுப் பிரியர், கிண்டல்காரர். மிளகுக் கொடி படர்ந்த மரத்தில் ஏறி நின்றுகொண்டே கீழே போகிறவர்களை வம்புக்கு இழுப்பார். வாக்குச் சொல்லும் நாளில் மட்டும் அடங்கி இருப்பார். அன்று விடிந்ததிலிருந்து உப்புப் பட்டதும் அடுப்பு ஏறியதும் வாயில் படக் கூடாது. பழம், தேன், பச்சைத் தேங்காய், இவ்வளவுதான்.

அது ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை. மதியத்துக்கு மேல் வாக்குக் கேட்பதாக ஏற்பாடு. காலையில் ஒரு காரில் வெளியூர்ப் பையன்கள் வந்தார்கள். அவர்களில் கண்ணாடி போட்ட ஒருவன் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினான்.

“அண்ணா, இத உள்ள வெச்சிருங்க. படியில கொரங்கு புடுங்கிருமாம். குளிச்சிட்டு வந்து வாங்கிக்கறோம்.”

வெள்ளரிக்காயையே பிடுங்கும் குரங்குகள்தான். இப்படிப் பலர் பை கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். நான் டப்பாவைத் தேன் பாட்டில்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு கடையை மகளிடம் விட்டுவிட்டு, தேங்காயும் பூவும் கொடுக்கக் கோயிலுக்குப் போனேன்.

கோயிலில் எனக்கு வேலை ஒன்றுமில்லை. ஆனாலும் அங்கே நிற்க முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. கூட்டின இடத்தையே மறுபடி கூட்டினேன். பையன் வீட்டார் எந்தப் பஸ்ஸில் வருவார்கள் என்று ரோடு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். “ஏம்ப்பா, கல்யாணம் உனக்கா உம் மகளுக்கா?” என்றார் பெரியவர். எல்லாரும் சிரித்தார்கள். நான் கடைக்குத் திரும்பிவிட்டேன்.

நான் வந்து கொஞ்ச நேரத்தில் அந்தப் பையன்கள் தலை ஈரத்தோடு ஏறி வந்தார்கள். டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். கனமில்லாமல் இருந்தது. கண்ணாடிக்காரன் திறந்து பார்த்தான். முகம் மாறிவிட்டது.

“யாருண்ணா எடுத்தது?”

நான் மகளைப் பார்த்தேன். அவள் பயந்துகொண்டே சொன்னாள். “மாமா ஓடையில குளிச்சிட்டு இந்த வழியா வந்தாருங்கப்பா. பசி தாங்கலைன்னாரு. இது என்ன கண்ணுன்னு தொறந்து பாத்தாரு. பேரீச்சம்பழ உருண்டை. நக்கிப் பாத்துட்டு உப்பில்ல, விரதத்துக்கு ஆகும்னாரு. அடுத்தவங்க பொருளு மாமான்னு சொன்னேன். வெலயக் குடுத்துக்கலாம்னு ஒண்ணு தின்னாரு. பசி அடங்கலைன்னு இன்னும் ரெண்டு.”

“காசு வாங்கிக்குங்க தம்பி,” என்றேன்.

“காசு கெடக்குதுண்ணா. மூணா தின்னாரு?” அவன் குரல் இறங்கிவிட்டது. “அது கஞ்சாண்ணா.”

டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்தேன். பேரீச்சம்பழம், ஏலக்காய், நெய். கஞ்சா எனக்குத் தெரியாததல்ல. கரடுமுரடான சாமியார்கள் சிலர் பாறை மறைவில் குடிப்பார்கள். காற்று திரும்பினால் கடை வரை அந்த நாற்றம் வரும். எனக்குக் கஞ்சா என்றால் அந்தப் புகைதான்.

“விளையாடாதீங்க தம்பி. கஞ்சான்னா பொகை வருமில்ல?”

கூட வந்தவன் ஒருவன் சிரித்துவிட்டான். கண்ணாடிக்காரன் சிரிக்கவில்லை. “பொகைக்காமயும் இருக்குண்ணா. இப்ப சாக்லேட்டு, பிஸ்கட்டு, பாலு, எல்லாத்துலயும் கலக்கறாங்க. வாசன வராது, யாருக்கும் தெரியாது. அதான் இதுல மோசம். பொகைச்சா அப்பவே தெரிஞ்சு நிறுத்திருவாங்க. தின்னா ஒண்ணுமே ஆகாத மாதிரி இருக்கும். வயித்துல போயி மெதுவா ஏறும். ஏறிட்டா ராத்திரி வரைக்கும் எறங்காது. நாங்களே ஒண்ணக் கிள்ளிக் கிள்ளி நாலு பேர் தின்போம்.”

“உசுருக்கு ஏதாச்சும்...”

“நெஞ்சு படபடன்னு அடிக்கும். பயந்துருவாரு. வெறும் வயிறு வேற. தனியா விட்றாதீங்க, மரம் கிரம் ஏறிடப் போறாரு. ஆஸ்பத்திரில காட்டறது நல்லதுண்ணா.”

மற்றவர்கள் காரில் போய் உட்கார்ந்து கிளம்பலாம் என்று கூப்பிட்டார்கள். அவன் மட்டும் போகவில்லை. “நானும் வரேன். கேட்டா நான்தான் சொல்லணும்,” என்றான். மகள் கடையைச் சாத்தினாள். மூவரும் கோயிலுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம்.

வழியெல்லாம் என் தலைக்குள் ஒரே இரைச்சல். சொல்லாமல் விட்டால் மச்சான் வாயில் என்ன வருமோ, அதுதான் வாக்கு. சொன்னால், நல்ல வாக்கு வேண்டும் என்று பெண்ணே மாமனுக்குப் போதை கொடுத்தாள் என்பார்கள். அவள் காவலில் இருந்த டப்பா, என் கடை. எப்படிப் பார்த்தாலும் அவள் கல்யாணம்தான் அடிபடும். மச்சானுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கல்யாணம் என்ன கல்யாணம் என்றும் நினைத்தேன். கால் ஓடியது, மனசு பின்னால் இழுத்தது.

நாங்கள் போகும்போது மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பையனின் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். என் மனைவி கற்பூரத் தட்டோடு நின்றாள். மச்சான் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். சாமி வரும்போது அவர் பார்க்க வேறு மாதிரி இருப்பார். மேளம் ஏறும்போதே தோள் துடிக்கும், எழுந்து ஒரு கத்துக் கத்துவார். அன்று தோள் துடிக்கவில்லை. தன் உள்ளங்கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் தானாகச் சிரித்தார்.

“சாந்தமா எறங்குது சாமி,” என்று யாரோ சொன்னார்கள். மேளக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள்.

மச்சானின் முகம் வெளுத்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. “வேண்டாம்,” என்றார். “வேண்டாம், வேண்டாம்.”

மேளம் நின்றது. பெரியவர் கை கூப்பினார். “சாமி வேண்டாம்னு சொல்லிருச்சு,” என்றார். பையனின் அப்பா துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். என் மகள் தரையைப் பார்த்தாள்.

நான் கூட்டத்துக்குள் புகுந்து நடுவில் போய் நின்றதை நானே பிறகுதான் உணர்ந்தேன்.

“அது சாமி இல்லீங்க,” என்றேன். “மேளத்த வேண்டாங்கறாரு. அவருக்கு உடம்புக்கு முடியல.”

“என்னப்பா சொல்ற?”

சொன்னேன். திக்கித் திக்கி, உருண்டை, டப்பா, குரங்கு என்று முன்னும் பின்னுமாகச் சொன்னேன். கஞ்சா என்ற வார்த்தை வந்ததும் கூட்டம் இரைந்தது. “யாரு குடுத்தா? உம் மகதான?” என்று ஒரு பெண் குரல் கேட்டது. “நல்ல வாக்குச் சொல்றதுக்கு மாமனுக்குக் கூலியா?” என்றது இன்னொரு குரல். கண்ணாடிக்காரப் பையன் முன்னால் வந்து, தப்பு எங்கள் மேல்தான், அந்தப் பொண்ணுக்கு அதில் என்ன இருந்தது என்றே தெரியாது என்றான். அவன் சட்டையை ஒருவர் பிடித்தார்.

பெரியவர் கையை உயர்த்தினார். “எதுவா இருந்தாலும் வாயில வந்த வார்த்தை வந்ததுதான. உப்பில்லாத பண்டம், விரதம் கெடல. சாமி எந்த வழியாவும் பேசும்.”

அப்போதுதான் எனக்கு டப்பாவின் நெய் வாசனை ஞாபகம் வந்தது. நான் கண்ணாடிக்காரனைப் பார்த்துக் கேட்டேன். “தம்பி, இது அடுப்பு ஏறினதா?”

அவனுக்குக் கேள்வி புரியவில்லை. எல்லாரும் அவனையே பார்த்தார்கள். “ஆமாண்ணா. நெய்யக் காய்ச்சித்தான் செய்வாங்க.”

பெரியவர் உயர்த்திய கையைக் கீழே போட்டார். பிறகு, “அடுப்பு ஏறினதா! அப்ப விரதம் போச்சு. வாக்குச் செல்லாது,” என்றார். கஞ்சாவுக்குக் கூட அவர் அவ்வளவு முகம் சுளிக்கவில்லை.

கண்ணாடிக்காரன் போன் போட்டு அவர்கள் காரை வரவழைத்தான். மச்சானை அதில் ஏற்றினோம். என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “மாப்ள, ரோடு மூச்சு வுடுது பாரு. நான் செத்துட்டனா?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். “இல்லீங்க மச்சான், இல்லீங்க,” என்று நானும் வழியெல்லாம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்காரன் எதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொன்னான். படுக்க வைத்து, நாடியைப் பார்த்து, குளுக்கோஸ் ஏற்றினார்கள். பயப்பட ஒன்றுமில்லை, இறங்கும் வரை பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்றார்கள். நான் இருந்தேன். இருந்தேன் என்றால் உட்கார்ந்திருக்கவில்லை. வராந்தாவில் நடந்தேன், வந்து அவர் மூச்சைப் பார்த்தேன், மறுபடி நடந்தேன்.

மறுநாள் எழுந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “இட்லி இருக்குதா?”

ஊர் மறுபடி என் வீட்டு வாசலில் கூடியது. அடுத்த வெள்ளிக்கிழமை சுத்தமாக விரதம் இருந்து வாக்குச் சொல்லும்படி பெரியவர் சொன்னார். மச்சான் எழுந்து நின்றார்.

“அந்தப் புள்ள வேண்டாம் மாமான்னு சொல்லியும் புடுங்கித் தின்னவன் நான். அவமேல பழி வந்துருச்சு. இனி நான் சரின்னாலும் கூலின்னுவீங்க, வேண்டாம்னாலும் கோவம்னுவீங்க. அவளுக்கு வாக்குச் சொல்ல எனக்கு வாயில்ல. பெத்தவன் இருக்கறான், அவனக் கேளுங்க.”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அதற்குத் தப்பிக்கத்தானே நான் சாமியை நம்பியிருந்தேன். என் மகள் கதவோரம் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. என்னால் முடியாது என்று அவளே முடிவு செய்துவிட்டது போல இருந்தது.

“குடுக்கறேங்க,” என்றேன்.

“என்ன மாப்ள, கொசு கத்தற மாதிரி? முள்ளுக்குறிச்சிக்குக் கேக்கோணும்,” என்றார் மச்சான்.

“எம் புள்ளய அந்தப் பையனுக்குக் குடுக்கறேன்!” என்று கத்திவிட்டேன். படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. பெரியவரே சிரித்துவிட்டார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மச்சான்தான் பந்தியில் நின்று பரிமாறினார். ஆனால் எனக்கு நிம்மதி வந்துவிட்டது என்று எழுத முடியாது. சாமி கொடுத்த வாக்காக இருந்தால் நல்லது கெட்டதைச் சாமி தலையில் போட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன். இது என் வாயிலிருந்து வந்தது. சாயங்காலம் அவள் போன் வரத் தாமதமானால் ரோட்டுக்கும் கடைக்கும் நடக்கிறேன். யாராவது டப்பா கொடுத்து வைக்கச் சொன்னால் உள்ளே என்ன என்று கேட்கிறேன். அந்த அளவுக்கு வாய் வந்திருக்கிறது.

தலைதீபாவளிக்கு மகளும் மருமகனும் வந்தார்கள். மகள் சற்றுப் பூசினாற்போல இருக்கிறாள். மாமனுக்கு அதிரசத் தட்டை நீட்டினாள். அவர் ஒன்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல என்ன கண்ணு போட்டிருக்க?”

“வெல்லமும் அரிசியுந்தான் மாமா. தின்னுங்க.”

“உங்கப்பன் தின்னட்டும். நான் ரெண்டு மணி நேரம் பாத்துட்டுத் தின்னுக்கறேன்.”

அவள் சிரித்த சிரிப்பில் தட்டு ஆடியது. அவர்கள் இன்று காலை பஸ்ஸில் கிளம்பினார்கள். போய்ச் சேர்ந்தோம் என்ற போன் வரும் வரை கை சும்மா இருக்கவில்லை, அதனால் இதை எழுதினேன். இப்போதுதான் போன் வந்தது.

ஐப்பசி மாதம், தீபாவளிக்கு மறுநாள்.