ஏசி அறையில் குடியிருந்த கண்

என் மச்சானுக்கு முன்னால் அவருடைய கண் ஏசி அறையில் குடியேறிவிட்டது. முழுக் கண் அல்ல, எள்ளில் பாதி இருக்கும் ஒரு துணுக்கு. மதுரையில் ஒரு கண் மருத்துவமனையின் மாடியில், வட்டமான சின்னப் பிளாஸ்டிக் தட்டில், ரோஸ் நிறத் தண்ணீருக்குள் அது கிடந்தது. தட்டை வைத்திருந்த பெட்டிக்குள் மனித உடம்பில் இருக்கும் அதே சூடு. கையுறை போட்டவர்கள் வந்து பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவார்கள். அதுதான் அதற்குச் சாப்பாடு. அதே நாட்களில் மச்சான் கானாடுகாத்தான் வெயிலில் நின்று தூக்குவாளியில் நீராகாரம் குடித்துக்கொண்டிருந்தார்.

“ஒங்க கண்ணு ஒங்களவிட வசதியா இருக்கு மச்சான்” என்றேன்.

“இருக்கட்டும்டா மாப்ளே. நம்ம வீட்டுல ஒருத்தராவது நல்லா இருக்கட்டும்” என்றார்.

மச்சான் என்றால் அக்காவைக் கட்டியவர். சுண்ணாம்புப் பூச்சு வேலைக்காரர். எங்கள் பக்கத்தில் பெரிய வீடுகளை ஓட்டலாக மாற்ற ஆரம்பித்த பிறகு அவருக்கு ஓய்வே இல்லை. முகம் தெரிகிற மாதிரி சுவரைத் தேய்த்து முடிக்கிற கடைசிப் பூச்சு அவர் கையில்தான் வரும். நான் பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தும் அது எனக்குப் பிடிபடாததால் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அவர் வேலைக்குக் கிளிஞ்சலும் மணலும் ஏற்றிப் போவதும், இறக்கிவிட்டு அவரை வம்புக்கு இழுப்பதும் என் தொழில். முதலாவதற்கு மட்டும்தான் வாடகை.

ஒருநாள் தொட்டியில் சுட்ட கிளிஞ்சலைக் கொட்டித் தண்ணீர் ஊற்றியபோது, கொதித்த சுண்ணாம்பு தெறித்து அவர் வலது கண்ணில் விழுந்தது. கண்ணில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவித்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கண் உருண்டை தப்பித்தது. ஆனால் நாளாக ஆக, கருவிழி மேல் வெள்ளைச் சவ்வு படர்ந்து, அதற்குள் சிவப்பு நரம்புகள் ஓடி, வெளிச்சத்தையும் இருட்டையும் தவிர வேறு ஒன்றும் தெரியாமல் போனது. கறுப்புக் கண்ணாடி போட ஆரம்பித்தார். நான் அமைச்சரே என்று கூப்பிடுவேன். அவரும் மனுவைக் கொடுத்துவிட்டு நகரச் சொல்லுவார். சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. கரண்டியைச் சுவரில் வைப்பதாக நினைத்துக் காற்றில் வைத்தார். ஒருமுறை சாரத்தில் பலகை இருக்கிறதென்று காலை வைத்து, பக்கத்தில் நின்றவர் பிடித்ததால் பிழைத்தார். ஓட்டல்காரர் அவரைச் சாரம் ஏற விடாமல் கீழே கலவை குழைக்கப் போட்டார். மேலே யாரோ பூசுவதை அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற அன்று மட்டும் எனக்குக் கிண்டல் வரவில்லை.

மதுரை டாக்டர் விளக்கியது எனக்கே புரிந்தது என்றால் நன்றாகத்தான் விளக்கியிருக்கிறார். கருவிழியும் வெள்ளைவிழியும் சேருகிற ஓரத்தில் விதைபோல ஒரு வகைச் செல் இருக்கிறதாம். கண்ணின் மேல்தோல் தேயத் தேய அங்கிருந்துதான் புதுத்தோல் முளைத்து வரும். மச்சானின் வலது கண்ணில் அந்த ஓரம் முழுக்கச் சுண்ணாம்பில் வெந்துவிட்டது. இடது கண்ணில் நன்றாக இருக்கிறது. அங்கிருந்து ஒரு துணுக்கை வெட்டி, லேப்பில் ஒரு மெல்லிய சவ்வின் மேல் வளர்த்து, வளர்ந்த தோலை அப்படியே கொண்டுவந்து வலது கண்ணில் பதித்துவிடலாம். அந்தச் சவ்வு, யாரோ ஒரு தாய் பிள்ளை பெற்றபோது தானமாகக் கொடுத்தது. வயிற்றில் பிள்ளையைச் சுற்றியிருந்த பை. அக்கா அழுதாள். உள்ளது ஒரு கண், அதிலும் கத்தி வைப்பார்களா என்றாள். மச்சான்தான் சரியென்றார். கீழே நின்று கலவை குழைக்க ஒரு கண்ணே அதிகம் என்றார்.

துணுக்கு எடுத்தாயிற்று, இடது கண்ணும் ஆறிவிட்டது, லேப்பில் தோல் வளர்ந்துகொண்டிருந்தது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது மச்சான் ஒரு காரியம் செய்தார். அதைச் சுண்ணாம்பு வேலைக்காரர் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்யமாட்டார்கள்.

கொத்தமங்கலத்தில் மணல் இறக்கிக்கொண்டிருந்தேன். லேப்பிலிருந்து மேடம் போனில் கூப்பிட்டார். தட்டுகளைப் பார்த்துக்கொள்கிறவர், சிவகங்கைப் பக்கத்துப் பெண். காலையில் மச்சானைக் கூப்பிட்டு, தோல் தயார், நாளை ஆபரேஷன், இன்றே வந்து சேருங்கள் என்று சொல்லியிருக்கிறார். மச்சான் மிகுந்த மரியாதையோடு, அவசரமில்லை, இன்னும் பத்து நாள் கிடந்து நன்றாக ஊறட்டும் என்று சொல்லிவிட்டு போனை அணைத்துவிட்டாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சானைப் பொறுத்தவரை ஊறாத பொருள் உருப்படாத பொருள். நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் தண்ணீருக்கடியில் மாதக்கணக்கில் போட்டுவைப்பார். நாள் ஆக ஆக அது வெண்ணெய்போலக் குழையும். அடுத்தவர் அவசரப்பட்டுக் குழியைத் திறந்தால் திட்டுவார். அவர் கணக்கில் தன் கண்ணுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்.

மேடம் சிரிக்கவில்லை. பாதி மணலோடு வண்டியைத் திருப்பினேன்.

கானாடுகாத்தானில் மச்சான் முழங்கை வரை கலவையோடு நின்றார். மேடத்தை மறுபடி கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

“அய்யா, ஊறட்டும்னு சொன்னீகளே. இது சுண்ணாம்பு இல்லய்யா. உசுரு.”

“உசுருதான்மா. அதான் கொஞ்சம் திடமாகட்டும்னு பாத்தேன்” என்றார் மச்சான்.

“ஒங்களுக்கு வயல் இருக்கா?”

“இருக்கு.”

“நாத்துப் பறிக்க வேண்டிய நாள்ல பறிக்காம விட்டா என்ன ஆகும்?”

மச்சான் கையிலிருந்த கலவை கட்டியாகத் தரையில் விழுந்தது.

“முத்திப்போகும்” என்றார் மெதுவாக. “நட்டாலும் தூரு கட்டாது.”

“அதேதான். இதுவும் நாள் தள்ளுனா முத்திப்போகும். கண்ணுல வச்சாலும் நெலைக்காது. மறுபடி வளக்கணும்னா மறுபடி ஒங்க நல்ல கண்ணுலதான் வெட்டணும். அதுக்கு டாக்டர் லேசுல சம்மதிக்க மாட்டாரு. இப்பக் கெளம்புறீகளா?”

மச்சான் பக்கத்துத் தொட்டியில் கையை முக்கி எடுத்தார். “மாப்ளே, வண்டியத் திருப்பு.”

“பத்து நாள் ஊறிட்டுப் போவமே மச்சான்” என்றேன். ஈரக் கையாலேயே முதுகில் ஒன்று விழுந்தது.

மறுநாள் ஆபரேஷன் அறைக்கு அந்தத் தட்டு போனதைப் பார்த்தேன். தலை முதல் கால் வரை மூடிய இரண்டு பேர், ஒரு பெட்டியைத் துளியும் அலுங்காமல் கொண்டுபோனார்கள். வழியில் இருந்தவர்கள் எல்லாம் ஒதுங்கினார்கள். பெண்ணழைப்பில் எங்கள் அக்காவைக்கூட இவ்வளவு பதவிசாக யாரும் அழைத்துவரவில்லை. உள்ளே கண்மேல் படர்ந்திருந்த பழைய வெள்ளைச் சவ்வை உரித்தெடுத்துவிட்டுப் புதுத்தோலைப் பதித்தார்கள். அதன் பிறகு சொட்டு மருந்தும் காத்திருப்பும். இந்தத் தடவை ஊற வேண்டிய நேரத்தில் மச்சான் ஒழுங்காக ஊறினார். சிவப்பு இறங்கியது. கருவிழி கறுத்தது. ஒரு காலையில் இடது கண்ணை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார்.

“என்னடா, மீசை ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது? கண்ணாடி பாத்து வெட்ட மாட்டியா?”

அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். என் வாழ்க்கையில் என்னைக் கேலி செய்ததற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

இப்போது மச்சான் சாரத்தின் உச்சியில் நிற்கிறார். கீழே கலவை குழைப்பவர்களை அங்கிருந்தே மிரட்டுகிறார். கறுப்புக் கண்ணாடி என் வசம். வண்டி ஓட்டும்போது போட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். வராண்டாவில் கோவிலூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தர், மடியில் சின்னப் பெண்ணோடு உட்கார்ந்திருந்தார். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிதுக்கி விளையாடியபோது வெடித்துப் பிள்ளையின் ஒரு கண்ணில் அடித்துவிட்டது. அதே வைத்தியம்தான். நல்ல கண்ணில் துணுக்கு எடுக்கச் சம்மதம் வேண்டும். லேப் மேடம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார்: “நல்ல கண்ணும் போயிருச்சுன்னா?”

மச்சான் கேட்காமலேயே எதிரில் போய் நின்றார். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினார்.

“இது துணுக்கு வெட்டிக் குடுத்த கண்ணு தாயி. அந்தக் கோடியில கடிகாரம் தெரியுது. பத்தரை ஆகுது.”

கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினார். குனியவில்லை. நின்ற இடத்திலிருந்தே பிள்ளையைப் பார்த்தார்.

“இது இவுக தட்டுல வளத்துக் குடுத்தது. பாப்பா போட்டிருக்க கம்மல்ல சுத்திப் பச்சைக் கல்லு. கீழ ஒரு கல்லு மட்டும் விழுந்து போயிருக்கு.”

அந்த அம்மா பிள்ளையின் காதைத் திருப்பி, விரலால் தடவிப் பார்த்தார். கல் இல்லாத குழியில் விரல் நின்றது. கொஞ்ச நேரம் மச்சானின் இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார்.

“கையெழுத்து எங்குட்டுப் போடணும்?” என்றார்.