மலைக்குப் பின்னால் நிறுத்திய பீரங்கி

கல்யாணமான புதிதில், கீழ்க்கட்டளையைத் தாண்டி ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனுக்குக் குடிபோனோம். வாடகை குறைவு. வீட்டுக்குப் பின்னால் மொட்டைப் பாறைக் குன்று, அதற்கு அந்தப் பக்கம் கல்குவாரி. மத்தியானத்தில் ஒரு விசில் கேட்கும். சற்றுப் பொறுத்துத் தரைக்குள்ளிருந்து ஓர் அதிர்வு வரும். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும். போகப்போக அது காதில் விழுவதே நின்றுபோனது.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவருக்கு கிண்டியில் ஆபீஸ் வேலை, வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டரில் போர் விளையாட்டு. மலையும் ஆறும் வரைந்த நிலத்தில் படைகளை நகர்த்தி ஊர்களைப் பிடிக்க வேண்டும். எனக்கும் கற்றுக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டு மாறி மாறி ஆடுவோம்.

ஒரு ஞாயிறு, மலைக்குப் பின்னால் நிறுத்தியிருந்த என் பீரங்கிகள் அவருடைய படையில் பாதியை அழித்துவிட்டன.

"போங்கு இது," என்றார். "நடுவுல மலை நிக்குது. என் ஆளுங்க உன் பீரங்கி கண்ணுலயே படல. எப்படி அடிக்கும்?"

"பீரங்கி பார்க்க வேணாங்க. குண்டு மேல போய் வளைஞ்சு எறங்கும். மலை மேல ஒருத்தன் உக்காந்து பார்த்துச் சொன்னா போதும்."

"அப்போ மலைக்குப் பின்னாடி இருந்தும் பிரயோஜனம் இல்லையா?"

அவர் செட்டிங்ஸுக்குள் போய், நேராகத் தெரிகிற இலக்கை மட்டுமே பீரங்கி சுடலாம் என்று மாற்றினார். அதற்கப்புறம் மலைகளுக்குப் பின்னால் அவர் நிம்மதியாக இருந்தார்.

கோடை விடுமுறையில் ஒருநாள், மொட்டை மாடியில் காயவைத்த வடகத்தின் நடுவே ஒரு கல் கிடந்தது. எலுமிச்சம்பழ அளவு. ஒரு பக்கம் புதிதாக உடைந்து வெளுத்திருந்தது. பசங்க எறிந்திருப்பார்கள் என்றார் அவர். மோந்து பார்த்தேன். பட்டாசு வாசனை.

அடுத்த வாரம் விசிலே வரவில்லை, அதிர்வு மட்டும் வந்தது. ஜன்னல் வழியாகக் குன்றைப் பார்த்தேன். உச்சியில் ஒன்றுமில்லை. பிறகு ஆகாயத்தில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். தலைக்கு மேல் ஏதோ பிளந்தது. மாடிப்படியில் தண்ணீர் கொட்டிக்கொண்டு இறங்கியது. மொட்டை மாடியில் பிளந்த தண்ணீர்த் தொட்டிக்குள் என் தலையளவு கல் கிடந்தது.

என் கணவர் மறுநாள் லீவு போட்டார். இருவரும் குன்றில் ஏறினோம். உச்சியில் ஒரு பாறை நிழலில், சிவப்புக் கொடியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் பள்ளம், லாரிகள். இந்தப் பக்கம் எங்கள் மொட்டை மாடிக் கயிற்றில் காயும் புடவையின் பூக்கள்கூடத் தெரிந்தன.

"வெடி வைக்கிறப்போ நீங்கதான் சொல்லுவீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா. ஆளுங்க கீறாங்களான்னு பாத்து கொடி காட்டுவேன்."

"எங்க வீட்டுப் பக்கம் பார்ப்பீங்களா?"

அவர் திரும்பி, அப்போதுதான் பார்ப்பதுபோல எங்கள் தெருவைப் பார்த்தார். "அந்தாண்ட பாக்கச் சொல்லலையேம்மா. பள்ளத்துல நம்ம ஆளுங்க கீறாங்களான்னு மட்டும்தான் பாக்கச் சொல்லிகீறாங்க."

என் கணவர் இறங்கும்போது என் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். குவாரி ஆபீசில், நடுவில் மலை இருக்கும்போது கல் எப்படி வரும் என்று எங்களையே கேட்டார்கள்.

அஸ்தினாபுரத்தில் வேறு வீடு பார்த்தோம். சாமான் ஏற்றிய அன்று, கீழ்வீட்டு ஓனரின் மருமகள் கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள்.

"நீங்களும் எங்கயாச்சும் போயிடுங்களேன்," என்றேன்.

"சொந்த வூடு அக்கா. விட்டுட்டு எங்க போறது?"

அதிர்வு வந்தது. விசில் கேட்டதா என்று நினைவில்லை. அவள் குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே ஓடினாள். நாங்கள் லாரிப் பக்கத்தில் நின்றபடி வானத்தைப் பார்த்தோம்.