ரபாயேல் திருத்திய லெப்டொப்

ரபாயேலை நான் முதலில் சந்தித்தது ஒரு பொய்யின் நடுவில். 2008 ஒக்டோபர். சரஸ்வதி பூசையில் வைத்த லெப்டொப்பை அன்று காலைதான் எடுத்துப் பையில் போட்டிருந்தேன். இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்குப் போன பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். லெப்டொப்பைப் போட்டுக் காட்டச் சொன்னார் சிப்பாய். பொத்தானை அமுக்கினேன். வெளிச்சம் வந்தது, நான்கு விநாடியில் அணைந்தது. மறுபடியும் அப்படியே. சிப்பாய் இரண்டடி பின்வாங்கினார். ஓடாத லெப்டொப்பும் தமிழ்ப் பெயரும் சேர்ந்தால், போர் நடந்த அந்த ஆண்டில் என்ன ஆகும் என்று தெரியாதவர் வரிசையில் எவருமில்லை.

பின்னால் நின்ற குள்ளமான ஆள் சிங்களத்தில் புகுந்தார். தான் லெப்டொப் திருத்துகிறவராம், இது தன் கடைச் சாமானாம், திங்கட்கிழமை இதே இடத்தில் ஓட்டிக் காட்டுவாராம். சிப்பாய் என் அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக்கொண்டு இருவரையும் திருப்பி அனுப்பினார்.

நன்றி சொன்னேன். மனிதர் அதோடு நின்றிருந்தால் இன்று நல்லதாக நாலு வார்த்தை எழுதியிருப்பேன்.

இரத்தோட்டையில் அவர் கடை என்பது ரேடியோவும் டோர்ச் லைட்டும் குவிந்த ஒரு பலகைக் கொட்டில். ரபாயேல் ஓ.எல். பரீட்சையை இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கோட்டை விட்டவர்.

"இவரா லெப்டொப் திருத்துறாரு?" என்று அவர் மனைவி மார்ஜரி சிரித்தாள். "எங்க வீட்டு அயன் பொக்ஸே கழட்டுனது கழட்டுனபடி கெடக்கு!"

"நீ சும்மா இரு. தம்பி, ஃபோர்மட் பண்ணிட்டா எல்லாம் சரியாயிரும்."

"அண்ணே, உள்ள என் ஆய்வுக் கட்டுரை இருக்கு. தோட்டத்து ஆளுங்க வீடுகளுக்கு லயம் லயமா ஏறி எடுத்த வெவரம். வேற பிரதி இல்ல. ஃபோர்மட் பண்ணா அத்தனையும் போயிரும்."

"படிச்சவங்களுக்கு இதான் வியாதி. போனா திரும்ப எழுதுங்களேன்."

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முதல் பட்டம் வாங்கியவன் நான். இரண்டு வருட உழைப்பை அழிக்க, ஸ்க்ரூ டிரைவரால் காது குடைகிற ஒருவர் யோசனை சொல்கிறார்! வேறு கடைக்குப் போகலாமென்றால் அதே சாவடியைத் தாண்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வந்தவர், நான் தடுப்பதற்குள், ரேடியோவுக்குக் கொடுப்பதுபோல லெப்டொப்பின் தலையில் ஓங்கி ஓர் அடி கொடுத்தார். நான் கத்திய கத்தலில் மார்ஜரி ஓடி வந்தாள். பொத்தானோரமிருந்து மஞ்சளாக ஒரு துகள் தெறித்தது. அமுக்கினேன். திரையில் வெளிச்சம் வந்தது, அணையாமல் நின்றது.

துகளை மோந்து பார்த்தேன். சந்தனம். அம்மா சரஸ்வதி பூசையன்று குறிபார்த்துப் பொத்தானிலேயே பொட்டு வைத்திருக்கிறாள். அது காய்ந்து இறுகியதால், அமுக்கிய பொத்தான் மேலே எழும்பாமல் மாட்டிக்கொண்டு, விடாமல் அமுக்கியதுபோல மெஷினை அணைத்திருக்கிறது.

"மதர்போர்ட்ல லூஸ் கனெக்ஷன்," என்றார் ரபாயேல்.

"அண்ணே, இது சந்தனம்."

"அதத்தான் நானும் சொல்றேன். மதர்போர்ட்ல சந்தனம்."

திங்கட்கிழமை சாவடியில் லெப்டொப் ஒழுங்காக ஓடியது. என்னைப் போகச் சொன்ன சிப்பாய், கூட வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்ற ரபாயேலை "பாஸ்" என்று மரியாதையாகக் கூப்பிட்டுத் தன் ரேடியோவை நீட்டினார். கட்டுரையை அன்றே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்தேன். அம்மா இன்றுவரை அவர் கைராசியைத்தான் புகழ்கிறாள்.

இப்போது ரபாயேல் இரத்தோட்டையில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கிறார். எதைக் கொண்டுபோனாலும் முதலில் ஃபோர்மட் பண்ணுகிறார்.