பதில் விசில் கொடுக்க மாட்டேன் என்றேன்

எனக்குச் சமயநல்லூரில் வீடு. மேட்டில் ஏறும் சரக்கு ரயில் திணறாமல் இருக்கப் பின்னால் இன்னொரு என்ஜினை மாட்டித் தள்ளுவார்கள். அதை ஓட்டுவதுதான் என் வேலை. 'தள்ளுவண்டிக்காரி' என்று கேலி பேசுவார்கள். பேசட்டும்.

போன லெந்து தவக்காலத்தில் பிரேக் சரியில்லை என்று ஒரு வண்டியை நிறுத்தினேன். பார்த்தால் என் என்ஜினில் பிரேக் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர்தான் பழுது. இன்னொரு தரம் இப்படிச் செய்தால் என்ஜின் பக்கமே வரக் கூடாது என்று மேலதிகாரிகள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தே நாளில் மறுபடியும் அதே சோதனை. சோழவந்தானைத் தாண்டி, மேடு தொடங்குமுன் ஒரு ஸ்டேஷன். உச்சி வெயில். சிமெண்ட் வண்டி. கிளம்புமுன் முன் என்ஜின் டிரைவர் செல்வம் அண்ணன் பிரேக் போட்டுக் காட்டுவார். பின்னால் என் மீட்டரில் முள் இறங்க வேண்டும். போட்டார். முள் அசையவில்லை.

அது தெரியாமல் அவர் விசில் அடித்தார். நான் பதில் விசில் கொடுத்தால்தான் வண்டி நகரும். கொடுக்கவில்லை.

வாக்கிடாக்கியில் ஸ்டேஷனிலிருந்து ஒரே சத்தம். "என்னம்மா, மறுபடியும் மீட்டரா? எம்புட்டு நேரம் நிப்பாட்டுவ? பின்னாடி பாசஞ்சர் நிக்குது, எடு!"

எனக்கும் சந்தேகம்தான். மீட்டர் பழுதென்றால் என் வேலை போச்சு. பிரேக் பழுதென்றால், மேட்டில் வண்டி பின்னால் உருண்டு அந்தப் பாசஞ்சர் மேல்தான் விழும். விசிலிலிருந்து கையை எடுத்தேன்.

நான் முழங்காலிடவில்லை. கோபமாகவே ஜெபித்தேன். "கர்த்தாவே, இந்த முள் பொய் சொல்லுதான்னு உமக்குத்தான் தெரியும். வேலை போனாப் போகட்டும், நான் விசில் அடிக்க மாட்டேன். என் பக்கம் ஒரே ஒரு ஆளை நிறுத்தும்!"

"முள் இறங்கல அண்ணே" என்றேன் வாக்கிடாக்கியில்.

"நீ அடிக்காம நான் எடுக்க மாட்டேன் தங்கச்சி. யார் கத்துனாலும் கத்தட்டும். இறங்கிப் பாத்துட்டு வாரேன்."

வெயிலில் வண்டி நெடுக நடந்து வந்தார். காலையில் ஒரு வேகனைக் கழற்றிய இடத்தில், பிரேக்குக்குக் காற்றுப் போகும் குழாயை அடைத்தவர்கள் திறக்கவே மறந்திருந்தார்கள். "பாதி வண்டிக்குப் பிரேக்கே இல்லம்மா" என்றார். அழுதுவிட்டேன்.

செல்வம் அண்ணன் கழுத்தில் உருத்திராட்சம் கிடக்கும். கர்த்தர் எனக்காக அவரைத்தான் எழுப்பினார். இதைச் சொன்னால் சபையில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும், நடந்தது அதுதான்.

இப்போது நான் யாருக்கும் பயந்து தலையாட்டுவதில்லை. என் ஆண்டவருக்குக் கோடி ஸ்தோத்திரம். பிரியமானவர்களே, தப்பென்று தெரிந்ததைச் செய்யச் சொல்லி உங்களையும் நெருக்கினால், முடியாது என்று சொல்லுங்கள். நடுங்கிக்கொண்டே சொன்னாலும் போதும், அவர் ஆள் அனுப்புவார்.