துக்க வீட்டில் கேட்ட கேள்விகள்

சென்னையில் சமூகப் பணி மேற்படிப்பு படித்தபோது, ஆராய்ச்சிக்காகப் புருஷனை இழந்த பெண்களைத் தேடி வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டேன். என் பேராசிரியை போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. நீ உச்சுக்கொட்டினால், அவள் உனக்குப் பிடித்த பதிலைச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள் என்பார். ஆராய்ச்சிக்கு அது சரிதான், நான் குறை சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பழகினேன். வகுப்பிலேயே என்னைப் போல யாரும் இல்லை என்று பேரெடுத்தேன். பெரிய பேர்!

அந்த முகத்தோடுதான் அரிமளம் பக்கம் சமூக நல வேலைக்கு வந்தேன். ஒரு கிராமத்தில் கிணறு வெட்டும்போது மண் சரிந்து ஒருவர் இறந்துபோனார். அவருக்குப் பத்து வயதில் ஒரு மகள். பெரியப்பன் அவளைப் பெரிய வீடு ஒன்றுக்கு எடுபிடி வேலைக்கு அனுப்ப நாள் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் எங்கள் நிறுவனம் ஏழைப் பெண் பிள்ளைகளுக்காக நடத்தும் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்துவிட வேண்டும் என்று ஓடினேன். தாய் சம்மதித்தால் போதும்.

என்னைப் பார்த்ததும் அந்தத் தாய் உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் நீட்டினாள். எங்கள் பக்கத்தில் துக்கம் கேட்கப் போகிற பெண், முதலில் கட்டிக்கொண்டு அழ வேண்டும். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். திருக்கோகர்ணத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? என் அம்மா முன்பின் தெரியாத வீட்டில்கூடக் கட்டிக்கொண்டு அழுவாள். நானோ எட்டி உட்கார்ந்து, "பிள்ளைங்க எத்தனை பேரு? நிலம் ஏதும் இருக்கா?" என்று ஆரம்பித்தேன்.

நீட்டிய கைகள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. பிறகு அவள் அவற்றை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். சுற்றியிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். அடிப்பாவி, எழுந்துபோய்க் கட்டிக்கொள்ளேன் என்று மனசு அடித்துக்கொண்டது. உடம்பு அசையவில்லை. மானம் போனது. அப்போதும் கேள்விகளைத்தான் வரிசை மாறாமல் கேட்டு முடித்தேன். அவளும் மரியாதையாகப் பதில் சொன்னாள்.

கடைசியில் விடுதியைப் பற்றிச் சொன்னேன். சோறு, துணி, படிப்பு எல்லாம் அங்கேயே கிடைக்கும் என்றேன்.

"எல்லாம் சரிங்க டீச்சரம்மா," என்றாள். "எம்மக அப்பன நெனச்சு அழுதா, அங்க யாராச்சும் அணைச்சுக்குவாங்களா? இல்ல, அங்கிட்டு எல்லாரும் ஒங்கள மாதிரி படிச்சவங்கதானா?"

கூசிப்போனேன். அணைத்துக்கொள்வார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் விடுதி ஆயா அப்படிப்பட்டவள்தான். ஆனால் நான் சொன்னால் யார் நம்புவார்கள்? கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்த வாரம் அவள் மகள் அந்தப் பெரிய வீட்டில் பாத்திரம் துலக்கப் போய்விட்டாள்.